மலையேற்றக் கம்பு: கல்மூங்கிலா, சவுக்கா, அலுமினியமா? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வெள்ளியங்கிரி அடிவாரத்தில் சீசன் நேரத்தில் கிடைக்கும் மூங்கில் கம்பு, ஏழு மலையும் ஏறி இறங்கத் தாராளமாகப் போதும். அதையே பத்திரமாக வைத்திருந்து அடுத்த வருடமும் எடுத்துப் போகலாம் என்று நினைத்தால்தான் ஏமாற்றம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நீளவாக்கில் வெடித்திருக்கும், இல்லாவிட்டால் சாத்தி வைத்த மூலையில் வெளிர்மஞ்சள் மாவு கொட்டிக் கிடக்கும். குறை மூங்கிலில் இல்லை. இளசாக வெட்டி, பதப்படுத்தாமல் கைக்கு வந்த கம்பு அது. பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்து வீட்டிலேயே செய்தால் பல வருடம் உழைக்கிற கம்பு கிடைக்கும்.

முதலில் அளவு. ஏற்றத்துக்கு முழங்கை உயரம் போதும். ஆனால் இறக்கத்தில் கம்பை நமக்குக் கீழே உள்ள படியில் ஊன்ற வேண்டும், தார்ப்பாய்க் கூடாரத்துக்கு நடுக்காலாகவும் நிறுத்த வேண்டும் என்றால் 130 முதல் 140 செ.மீ. வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய நெஞ்சு, தோள் மட்டத்துக்கு வரும். தடிமன் 25 முதல் 28 மி.மீ. அதற்கு மேல் போனால் சின்னக் கைக்குப் பிடி சிக்காது. எடை 600 கிராமைத் தாண்டினால் மதியத்துக்கு மேல் தோள் சொல்லிவிடும்.

எங்கள் முதல் தேர்வு கல்மூங்கில்தான். போலீஸ் லத்திக்கும் சிலம்பக் கம்புக்கும் போகிற அதே ரகம். வறண்ட நிலத்தில் வளர்ந்த கம்பில் உள்ளே துளை இருக்காது, இருந்தாலும் பென்சில் முனை நுழையும் அளவுதான். 25 மி.மீ. தடிமனில் 130 செ.மீ. நீளக் கம்பு காய்ந்த பிறகு 450 கிராம் சுமாருக்கு வரும். இதில் முக்கியமான குணம் அது முறிகிற விதம். ஒரேயடியாகப் படக்கென்று போகாது. நார்நாராகப் பிளந்து, சத்தம் கொடுத்து, வளைந்து நிற்கும். இறக்கத்தில் முழு எடையும் கம்பின் மேல் இருக்கும்போது அந்த அரை நொடி முன்னறிவிப்பு போதும், காலை எடுத்து வைத்துவிடலாம். முள்மூங்கில் விலை குறைவுதான், ஆனால் நடுவில் பெரிய துளை. பாறை இடுக்கில் மாட்டி ஒருமுறை நெம்பினால் நசுங்கிப் பிளந்துவிடும்.

வாங்கும்போது வயதைப் பாருங்கள். பளபளவென்று பச்சையாக, கணுவில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஒரு வருடக் கம்பு, வேண்டாம். பச்சை மங்கி மஞ்சள் ஓடி, அங்கங்கே சாம்பல் திட்டு விழுந்திருந்தால் மூன்று, நான்கு வயது. தரையில் தட்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும், ‘பொத்’ என்று கேட்டால் அது இளசு அல்லது ஈரம். இரண்டு செங்கல் மேல் கம்பை வைத்து நடுவில் ஒரு காலால் மெல்ல அழுத்தி விடுங்கள். பழைய நேர்க்கோட்டுக்கே திரும்பினால் எடுக்கலாம். காட்டுக்குள் போய் வெட்ட நினைக்காதீர்கள், வனக் குற்றம். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கில் ‘மரம்’ என்ற கணக்கில் வராது. அதனால் பட்டா நிலத்து மூங்கிலை வாங்குவதில் பழைய சிக்கல் இல்லை.

மாவு கொட்டுவதற்குக் காரணம் மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்து. அதைத் தின்னத்தான் வண்டு வருகிறது. ஓடும் நீரில் அல்லது தொட்டியில் மூன்று, நான்கு வாரம் ஊறப்போடுவது பழைய வழி, பலன் உண்டு, நாற்றமும் உண்டு. அதைவிட நம்பகமானது வெண்காரமும் போரிக் ஆசிட்டும். 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெண்காரம், 200 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, ஒரு பக்கம் மூடி போட்ட 4 அங்குல பிவிசி குழாயை நிறுத்தி அதில் ஊற்றி, கம்பை இரண்டு வாரம் முக்கி வைக்க வேண்டும். வெட்டிய சில நாளுக்குள் செய்தால்தான் மருந்து நன்றாக உள்ளே இறங்கும். தோல் வழியாக அதிகம் போகாது, வெட்டுமுனை வழியாகத்தான் போகும். அதனால் ஒரு வாரம் ஆனதும் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். கையுறை வேண்டும், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. பிறகு நிழலில் ஆறு வாரம். வெயிலில் காயப்போட்டால் வெளித்தோல் முதலில் சுருங்கி வெடிக்கும். அவசரப்படுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

வளைவு இருந்தால் சிலம்பக்காரர்கள் செய்வதுபோல வாட்டி நிமிர்த்தலாம். தேங்காய் எண்ணெய் தடவி, கரி நெருப்புக்கு ஒரு சாண் மேலே உருட்டிக்கொண்டே இருந்தால் தோலில் எண்ணெய்ப் பசை போலக் கசிந்து மினுங்கும். அப்போது எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்து ஈரத் துணியால் ஆற விட வேண்டும். துளை மூங்கிலை இப்படி வாட்டினால் கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும், ஜாக்கிரதை. அழகுக்காகத் தோலைச் சீவவோ தேய்க்கவோ வேண்டாம். மூங்கிலின் பலமான நாரெல்லாம் அந்த வெளிப்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கிறது. கணு மேட்டை மட்டும் உப்புத்தாள் போட்டால் போதும்.

சவுக்கு எளிதாக, நேராக, மலிவாகக் கிடைக்கும். கடினத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் கனம்: 28 மி.மீ. தடிமனில் 130 செ.மீ. கம்பு 700 கிராமை ஒட்டிப் போகும். பட்டையோடு மெதுவாகக் காய வைக்காவிட்டால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். கொய்யாக் கம்பு அதிர்ச்சி தாங்கும், கைக்கும் இதம், ஆனால் 130 செ.மீ. நேராக அமைவது அபூர்வம். தச்சுப் பட்டறையில் தேக்குப் பலகையை இழைத்து உருட்டித் தருவார்கள். பார்க்க லட்சணம். ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிறதா என்று பாருங்கள். நடுவில் சாய்ந்து வெளியேறினால் அந்த இடத்திலேயே கத்திமுனை போல முறியும். பிரம்பு பிளக்காது, ஆனால் எடை போட்டால் வில்லாக வளையும். பிவிசி குழாய் மருந்து ஊற வைக்க மட்டும்.

அலுமினியம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 20 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. சுவர் உள்ள குழாய் 130 செ.மீ.க்கு 300 கிராம்தான். பூச்சி இல்லை, பூசணம் இல்லை. குறை என்னவென்றால், கல்லிடுக்கில் ஒருமுறை மடங்கியதை நிமிர்த்திப் பயன்படுத்தினால் அடுத்த தடவை அதே இடத்தில் அறுந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓரங்களில் யானைக்காகப் போட்ட சோலார் வேலி நிறைய, உலோகக் கம்பு பட்டால் கைக்கு ஷாக் வரும். இடி மின்னல் நேரத்தில் முகட்டில் அதைப் பிடித்து நிற்கவும் முடியாது. கட்டாயம் அலுமினியம்தான் என்றால் பிடியில் சைக்கிள் ட்யூப் ஏற்றிவிடுங்கள். பனியில் கை விறைப்பதும் குறையும்.

அடிமுனையில்தான் கம்பு முதலில் தேயும். கணுவுக்கு ஒரு விரல் கீழே அறுத்தால் கணுவே மூடி மாதிரி நிற்கும். இரண்டு கணுவுக்கு நடுவில் அறுத்தால் சின்னத் துளையிலும் சேறு ஏறி, காய்ந்து, உள்ளிருந்து பிளக்கும். அதன்மேல் உலக்கைக்குப் போடுவதுபோல இரும்புப் பூண், 3 செ.மீ. உயரம். சித்திரை வைகாசியில் கம்பு நன்றாகக் காய்ந்து சுருங்கியிருக்கும்போது இறுக்கமாக அடித்து ஏற்றுங்கள். மழைக்காலத்தில் போட்ட பூண் அடுத்த கோடையில் கழன்று எங்கோ விழுந்திருக்கும். பாறையிலும் சிமெண்டுப் படியிலும் நடக்கப் பூணுக்கு மேல் ரப்பர் புஷ் வேண்டும். மருந்துக் கடையில் ஊன்றுகோலுக்கு விற்பது பொருந்தும். இரும்பு விளிம்பு ரப்பரைச் சீக்கிரம் குடைந்துவிடும். புஷ்ஷுக்குள் ஒரு இரும்பு வாஷர் போட்டுப் பிறகு மாட்டினால் ஆயுள் நன்றாகவே நீளும். சேற்றிலும் புல் சரிவிலும் ரப்பரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள், வழுக்கும்.

‘பல பயன்’ என்பதில் ஆசைப்படக் கூடாது. போடுகிற ஒவ்வொரு துளையும் ஒரு வெடிப்புக்கு வழி. தலைப்பக்கம் கேமரா மாட்டக் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை உள்ள போல்ட் தேவை. எம்6 (6 மி.மீ. மெட்ரிக்) போல்ட் ஏறுவதுபோலத் தெரியும், இரண்டு சுற்றில் கேமரா மரையைக் கெடுத்துவிடும். துளை போடும் முன் அந்த இடத்துக்குக் கீழே 4 செ.மீ. அகலத்துக்கு நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி அரால்டைட் பூசிக் காய விடுங்கள். பிறகு சிறிய பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். ஓடையில் ஆழம் பார்க்க 10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயிண்டில் போதும். சூடு போட்டால் நார் அறுபடும். பிடியில் 4 மி.மீ. நைலான் கயிறு 5 மீட்டர் சுற்றிவைத்தால் வழுக்காது, வேண்டும்போது கூடாரத்துக்கு அவிழ்க்கலாம்.

வார்னிஷ் மூங்கில் தோலில் ஒட்டாது, வியர்வையில் உரியும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நாள். தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு வீசுங்கள். நல்லெண்ணெய் காயாமல் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். வருடம் ஒருமுறை, மழைக்கு முன், ஒரு பூச்சு. அப்போதே பூணை ஆட்டிப் பார்த்து, வெட்டுமுனைகளில் ஊசித்துளை தெரிகிறதா என்றும் பாருங்கள். துளைக்குப் பக்கத்தில் புது மாவு இருந்தால் அந்தக் கம்பைத் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள், மலைக்கு வேண்டாம்.