பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா?

தர்மபுரி மாவட்டத்து நடுகற்களைப் பற்றி இணையத்தில் எழுத இடம் தேடியபோது, பிளாகர், வேர்ட்பிரஸ்.காம் என்ற இரண்டு வலைப்பதிவுத் தளங்களையும் சில மாதம் வைத்துப் பார்த்தேன்.

பிளாகர் 1999-இல் தொடங்கியது. 2003-இல் கூகுள் வாங்கியது. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், பத்து நிமிடத்தில் முதல் பதிவைப் போட்டுவிடலாம். நாமாகச் சேர்க்காவிட்டால் விளம்பரம் வராது. வலைப்பதிவுக்குச் சொந்த இணைய முகவரி வாங்கினால், அதை இணைக்கத் தனிக் கட்டணம் கிடையாது. ஒரு கல்லைப் பார்த்துவிட்டு அரூர் பஸ்சுக்குக் காத்திருக்கும்போதே போனில் நாலு வரி எழுதி வரைவாகச் சேமித்திருக்கிறேன். தோற்றம் பழசுதான்.

வேர்ட்பிரஸ்ஸில் பக்கம் அழகாக அமைகிறது. ஊர், நூற்றாண்டு என்று வகைக்குள் வகையாக அடுக்கலாம். பிளாகரில் வெறும் லேபிள்தான். கற்கள் சேரச் சேர அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஆனால் வேர்ட்பிரஸ்ஸின் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் வந்து நிற்கும்; சொந்த முகவரி வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும்.

எழுதுவதே முதல் வேலை என்பவருக்கு நான் பிளாகரைத்தான் சொல்வேன். அப்புறம் மனம் மாறினாலும், பதிவுகளை மொத்தமாக இறக்கி வேர்ட்பிரஸ்ஸில் ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது.