குரோனோகிராஃப் வாட்சை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

வால்ஜூ 7750 என்ற மெக்கானிக்கல் இயந்திரம் உள்ள என் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள) வாட்சுக்கு முழு சர்வீஸ் என்று பணம் வாங்கிக்கொண்டு அரைகுறையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கடைப் பெயர் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

வாட்சோடு, அது சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று அளக்கும் டைம்கிராஃபர் கருவியின் தாளையும் நீட்டினார்கள். நாளுக்கு 4 நொடி கூடுதல், நல்ல கணக்குதான். ஆனால் அது குரோனோவை, அதாவது ஸ்டாப்வாட்சை, ஓடவிடாமல் எடுத்தது. அந்தக் கருவி, வாட்சின் வேகத்தைத் தீர்மானிக்கும் பேலன்ஸ் வீல் ஆடும்போது வரும் டிக் சத்தத்தைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது. சின்ன டயலில் முள் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது.

வீட்டில் ஓட்டிப் பார்த்தேன். நடு நொடிமுள் 60ஐக் கடக்கும்போது, 12 மணிப் பக்கமுள்ள 30 நிமிட டயலின் முள் அடுத்த கோட்டுக்குத் தாவ வேண்டும். இது இரண்டு கோடுகளுக்கு நடுவில் போய் நின்றது. ரீசெட் அழுத்தினாலும் பூஜ்யத்துக்கு வரவில்லை, சற்றுத் தள்ளியே நின்றது. முள்ளை ஒழுங்காகப் பொருத்தவே இல்லை. அதைவிடக் கொடுமை 6 மணிப் பக்கமுள்ள மணிநேர டயல். குரோனோ நின்றிருக்கும்போதே அதன் முள் தானாக ஊர்ந்தது. இந்த இயந்திரத்தில் அந்த முள்ளுக்கு விசை மெயின்ஸ்பிரிங் (வாட்சை ஓட்டும் சுருள்வில்) இருக்கும் பேரல் என்ற உருளையிலிருந்தே வருகிறது. குரோனோ ஓடாதபோது ஒரு லீவர் அதைப் பிடித்து வைக்க வேண்டும். அது பிடிக்கவில்லை.

கேட்டால், "மெக்கானிக்கல்னா அப்படித்தான் சார்" என்கிறார்கள். பொய். கிளம்பும்போது நொடிமுள் லேசாகத் துள்ளுவது வேண்டுமானால் 7750க்கு இயல்பு. முள் ஊர்வது பழுது.

பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். 9 மணிப் பக்கம் எப்போதும் ஓடும் சின்ன நொடிமுள் 60க்கு வரும்போது குரோனோவைத் தொடங்குங்கள். இரண்டையும் ஓட்டுவது ஒரே பேலன்ஸ் என்பதால், வாட்ச் முந்தினாலும் பிந்தினாலும் இரண்டும் சேர்ந்தேதான் போகும். சில மணிநேரத்தில் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் விழுந்தால் உள்ளே எதுவோ வழுக்குகிறது. 12 மணிநேரம் முழுக்க ஓடவிட்டால் குரோனோவின் மூன்று முள்ளும் ஒன்றாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். கடையிலேயே இரவு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். குரோனோ ஓடும்போது எடுத்த டைம்கிராஃபர் தாளையும் கேளுங்கள். அதில் பேலன்ஸ் வீல் ஆடும் வீச்சு கொஞ்சம் குறைந்திருக்கும், அது சகஜம்.

மறுபடி திறக்கத் தனிக் கட்டணமாம். 'குரோனோ சோதிக்கப்பட்டது' என்று பில்லில் எழுதியவர்கள் அவர்கள்தான். அந்த பில்லையும் முள் ஊர்கிற வீடியோவையும் எடுத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.