பிரிட்டனா, ஆஸ்திரேலியாவா? இறுதியாண்டு மாணவருக்கான ஒப்பீடு

18 முதல் 30 வயதுக்குட்பட்ட இந்தியர்கள், வேலை தரும் நிறுவனத்தின் உத்தரவாதம் இல்லாமலே சென்று பணிபுரிய இரு வழிகள் உள்ளன. ஒன்று பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் திட்டம். மற்றொன்று, சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்ய அனுமதிக்கும் ஆஸ்திரேலியாவின் 462 வகை விசா. இரண்டிலும் முதலில் குலுக்கலில் பெயர் வர வேண்டும்.

இடங்கள்: பிரிட்டனில் ஆண்டுக்கு 3,000, ஆஸ்திரேலியாவில் 1,000.

காலம்: பிரிட்டனில் 2 ஆண்டுகள், நீட்டிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் 12 மாதங்கள். குறிப்பிட்ட பகுதிகளில் பண்ணை போன்ற வேலைகளை 3 மாதம் செய்தவர், இரண்டாவது விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

செலவு: பலரும் தடுமாறுவது இங்கேதான். பிரிட்டனுக்கான குலுக்கல் இலவசம் என்றாலும், தேர்வானவர் 2,530 பவுண்டு சேமிப்பைக் காட்டுவதோடு, ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் இரண்டு ஆண்டுகளுக்கான மருத்துவக் கட்டணத்தையும் விசாக் கட்டணத்துடன் முன்கூட்டியே செலுத்த வேண்டும். நடுத்தரக் குடும்பம் கடன் வாங்குவதற்கு முன் இந்தத் தொகையைக் கணக்கில் வைப்பது மிக அவசியம். ஆஸ்திரேலியக் குலுக்கலுக்கு 25 ஆஸ்திரேலிய டாலர் கட்டணம். கையிருப்பாகச் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும்.

வேலை: ஆஸ்திரேலியாவில் பொதுவாக ஒரே முதலாளியிடம் 6 மாதங்களுக்கு மேல் நீடிக்க முடியாது, பிரிட்டனில் அந்த வரம்பு இல்லை.

ஆகவே பட்டம் பெற்று, தன் துறையில் தொடர்ச்சியான அனுபவம் தேடுபவருக்குப் பிரிட்டன் பொருந்தும். பயணத்தோடு பண்ணையிலும் உணவகத்திலும் உழைக்கத் தயங்காதவருக்கு ஆஸ்திரேலியாவே என் தேர்வு.