டிசைனர் சோஃபா வாங்கப் போகிறீர்களா? முதலில் குஷனைத் தூக்கிப் பாருங்கள்

போன ஆவணியில் புது வீட்டு ஹாலுக்கு மூன்று பேர் உட்காரும் சோஃபா ஒன்று வாங்கினோம். விலை 1,85,000 ரூபாய். எட்டாவது மாதமே உட்காரும் இடத்தில் தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. அம்மா எழுந்தால் புடவையெல்லாம் கறுப்புச் செதில். இன்னொரு குடும்பம் இப்படிப் பணத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடையில் காட்டியது எல்சி2 மாடல். வெளியே பளபளக்கும் ஸ்டீல் குழாய், உள்ளே கட்டம் கட்டமாகக் கறுப்பு குஷன். "சண்டிகர் நகரத்தை டிசைன் பண்ணாரே லெ கொர்பூசியே, அவரோட சோஃபா மேடம். இத்தாலி லெதர்" என்றார் விற்பவர். அந்தப் பெயரைக் கேட்ட பிறகு நான் வேறு எதையும் கேட்கவில்லை.

அது அவர் ஒருவரின் வேலையே இல்லை என்று பிறகுதான் படித்தேன். 1928இல் பாரிசில் அவரும் பியர் ழானெரேயும் ஷார்லோட் பெரியானும் சேர்ந்து செய்தது. ஷார்லோட் லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது 24. கடையின் விலை அட்டையில் அந்தப் பெண்ணின் பெயர்கூட இல்லை. எனக்கு அதுவும் வலித்தது. 1964இல் போட்ட ஒப்பந்தத்தின்படி இத்தாலியின் கசீனா நிறுவனம்தான் இதை முறைப்படி தயாரிக்கிறது. அசலின் ஸ்டீல் சட்டத்தில் கையெழுத்தும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். விலையும் பல லட்சம்.

சாதாரண சோஃபாவில் சட்டம் உள்ளே மறைந்திருக்கும். இந்த மூவரும் அதை வெளியே கொண்டுவந்து, கூடையில் பழம் வைப்பது போல குஷன்களை உள்ளே வைத்தார்கள். அந்த டிசைனின் உயிரே அதுதான். குஷனைத் தூக்கினால் கையோடு வர வேண்டும்.

எங்கள் வீட்டில் வரவில்லை. ரிப்பேருக்கு வந்த பாய் சோஃபாவைக் கவிழ்த்து, அடித்துணியைக் கிழித்துக் காட்டினார். உள்ளே பிளைவுட் பெட்டி, அதில் ஸ்டேப்ளர் பின் அடித்த குஷன். ஸ்டீல் குழாயை வெளியே அழகுக்காக ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தார்கள். ஸ்பாஞ்சும் கழிவுத் துண்டுகளை ஒட்டி அழுத்தியது. உரிந்த துண்டைத் திருப்பி என் கையில் கொடுத்தார். "லெதர்னா பின்னாடி நார் நாரா இருக்கும்மா. இது துணி, பாருங்க. ரெக்சின்." மேலே பூசிய பாலியூரித்தேன் ஈரக்காற்றில் இப்படித்தான் சிதையுமாம். சென்னைக் காற்றைச் சொல்லவா வேண்டும்.

கடைக்குப் போனால், "வாரன்ட்டி ஃபிரேமுக்கு மட்டும்தான்" என்கிறார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன். "சோஃபா, 3 சீட்டர், 1" என்று மட்டும் இருந்தது. லெதர் என்றோ இத்தாலி என்றோ எல்சி2 என்றோ ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் வாங்கினால் விற்பவர் வாயால் சொல்வதையெல்லாம் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். குஷன் ஜிப்பைத் திறந்து, தோலின் பின்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தும் கடைக்காரர் அசையவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். நல்லவேளையாக, அந்த விலை அட்டையை அன்றைக்கே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், அதே சோஃபா, அதே அட்டையோடு கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் நிற்கிறது.