ஜிரோ இசை விழா: கூடாரத்தைச் சுமப்பதா, வாடகைக்கு எடுப்பதா?

அருணாசலப் பிரதேசத்தின் ஜிரோ பள்ளத்தாக்கில் 2012 முதல் நடக்கும் இசை விழாவுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. நான் இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது: கூடாரம் வாடகைக்கு, படுக்கை சொந்தமாக.

பயணத்தை யோசித்துப் பாருங்கள். சென்னையிலிருந்து ரயிலில் குவாஹாட்டிக்கே இரண்டு நாள். அங்கிருந்து இரவு ரயிலில் நஹர்லகுன். பிறகு ஷேர் சுமோவில் மலைப்பாதையில் நான்கு மணி நேரமாவது ஆகும். ஒவ்வொரு இடத்திலும் மூட்டையை இறக்கி ஏற்ற வேண்டும். இருவர் படுக்கும் சாதாரணக் கூடாரமே மூன்று கிலோ வரும். வாடகைக் கூடாரம் என்றால் அடித்துத் தயாராக நிற்கும். மழை தூறும் மாலையில் போய் இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

ஆனால் கிடைத்ததை அப்படியே ஏற்காதீர்கள். ஒரு முறை எனக்குக் கொடுத்த கூடாரத்தில் தையல் மேல் ஒட்டியிருந்த பட்டை உரிந்திருந்தது; நள்ளிரவில் தலைமாட்டில் சொட்டு விழுந்தது. வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே போய் ஜிப்பை மூடித் தையல்களை அண்ணாந்து பாருங்கள். மேல்விரிப்பு உள்துணியைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரம் இறங்கும். தரைவிரிப்பின் ஓரம் தொட்டிபோல நாலு விரல் உயர்ந்திருக்க வேண்டும். குறை தெரிந்தால் அப்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சொந்தக் கூடாரம்தான் என்று முடிவெடுத்தால் கம்பி கோத்து நிறுத்தும் இரட்டை அடுக்குக் கூடாரம் வாங்குங்கள். உதறினால் விரியும் வட்டக் கூடாரம் கடையில் பார்க்க ஆசையாக இருக்கும். மடித்தாலும் பெரிய தாம்பாளம் அளவுக்கு நிற்கும். நெரிசலான சுமோவில் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். ஒற்றை அடுக்கில் எடை குறைவு, ஆனால் நம் மூச்சுக்காற்றே விடியலில் உள்சுவரில் நீராக வழியும்.

படுக்கைப் பைதான் இந்த அலசலின் முக்கியமான இடம். விழா நடப்பது செப்டம்பர் கடைசியில். மழைக்காலம் முழுதாக விடை பெற்றிருக்காது. இரவு வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இருக்கும், சில நாள் அதற்கும் கீழே. இமயமலைப் பயணம் போய் வந்த நண்பர்கள் வாத்து இறகு அடைத்த பையைத்தான் சிபாரிசு செய்வார்கள். அது இலேசு, சின்னதாகச் சுருங்கும், காய்ந்திருக்கும்வரை அதற்கு இணை கிடையாது. நனைந்தால் இறகு கட்டிதட்டிவிடும். சூட்டைப் பிடித்து வைக்கும் காற்று இடைவெளியே போய்விடும். வெயில் முகம் காட்டாத நாளில் அதை உலர்த்தவும் முடியாது. செயற்கைப் பஞ்சுப் பை கொஞ்சம் கனம், ஆனால் ஈரப்பட்டாலும் ஓரளவு கதகதப்பு தரும், விலையும் பாதிக்குக் கீழே. ஜிரோவுக்கு எனக்குச் சந்தேகமே இல்லை: செயற்கைப் பஞ்சுதான். வாங்கும்போது உறையில் இரண்டு வெப்பநிலை போட்டிருந்தால் ‘கம்ஃபர்ட்’ என்பதைப் பாருங்கள். ‘லிமிட்’ என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு.

அடியில் விரிக்க ஃபோம் பாய் போதும். காற்றடைத்த மெத்தை சொகுசுதான். சின்ன மூங்கில் சிராய் குத்தினால் அன்றிரவு தரையில்தான் தூக்கம்.

காலுக்கு டிரெக்கிங் ஷூவா, கம்பூட் எனும் உயரமான ரப்பர் பூட்டா? அபதானி மக்கள் நெல்வயலிலேயே மீன் வளர்க்கிற பள்ளத்தாக்கு அது. தண்ணீரும் சேறும் அங்கே இயல்பு. பகல் நிகழ்ச்சிக்கு டான்யி மேடை, இரவுக்குப் பீலோ மேடை, அவர்கள் மொழியில் சூரியனும் சந்திரனும். இரண்டுக்கும் நடுவே நான்கு நாளும் நடந்துகொண்டே இருப்போம். மழை பெய்தால் ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து அந்தப் புல்வெளி உழுத வயலாகிவிடும். நனைந்த டிரெக்கிங் ஷூ விழா முடிவதற்குள் காயாது. கம்பூட்டை இங்கிருந்து சுமக்க வேண்டாம், ஜிரோவிலேயே ஹபோலி கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம். பாதம் பெரிதாக இருப்பவர்கள் மட்டும் ஊரிலேயே வாங்கிவிடுவது நல்லது.

குடையை வீட்டில் வையுங்கள். பின்னால் நிற்பவருக்கு மேடையை மறைக்கும். தலைவழியே போட்டு முதுகுப்பையையும் சேர்த்து மூடும் மழை அங்கியான போஞ்சோதான் சரி.

கேஸ் அடுப்பு வேண்டவே வேண்டாம். விமானத்தில் கேஸ் குப்பியைக் கைப்பையிலும் விடமாட்டார்கள், செக்-இன் பையிலும் விடமாட்டார்கள்; ரயிலிலும் தடை. விழாவிலேயே சுடச்சுடச் சாப்பாடு கிடைக்கிறது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-மணி, அனுமதிக்கப்பட்ட 100க்குள் அடங்கும்.

முதுகுப்பைக்கு மேலே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் வழியாக நீர் இறங்கும். பைக்குள்ளே கனமான பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்குங்கள். அருணாசலுக்குள் நுழைய வெளிமாநிலத்தவர் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டான இன்னர் லைன் பர்மிட்டின் இரண்டு நகல்களுக்குத் தனி உறை. கூடவே ஒரு பனியன், ஒரு பேன்ட், ஒரு ஜோடி கம்பளிக் காலுறை இன்னொரு உறையில். எவ்வளவு நனைந்து வந்தாலும் அந்த உறையைத் தூங்கப் போகும்போது மட்டும் பிரியுங்கள். காலையில் திரும்ப மடித்து அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள்.