சின்ன மில்லிங் மெஷினில் நல்ல பினிஷ்: ஃபிளை கட்டரா, ஃபேஸ் மில்லா?

உலோகத்தின் மேற்பரப்பைச் சீவித் தட்டையாக்க நான் ஃபிளை கட்டர் (ஒரே ஒரு வெட்டுமுனை சுற்றும் கட்டர்) பக்கம். அரைக் குதிரைத்திறன் மெஷினில் 50 மி.மீ. ஃபேஸ் மில்லோடு (பல வெட்டுமுனைகள் கொண்ட கட்டர்) ரொம்ப நாள் மல்லுக்கட்டிவிட்டுத்தான் மாறினேன்.

மளமளவென்று பொருளை வழிக்க ஃபேஸ் மில்தான், அதில் பேச்சே இல்லை. ஆனால் கடைசிக் கட்டு (வெட்டு) முடிந்து நகத்தை ஓட்டிப் பார்த்தால், சீரான இடைவெளியில் கோடு கோடாகத் தட்டுப்படும். கட்டரைக் கையால் பின்பக்கமாகச் சுற்றி, ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் (கழற்றி மாட்டும் வெட்டுத் துண்டு) அடியில் டயல் (நுண்ணிய உயர வித்தியாசம் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தேன். நான்கில் ஒன்று மட்டும் 0.03 மி.மீ. இறங்கி நின்றது. அந்த ஒன்றுதான் மேற்பரப்பில் கோடு போடுகிறது, நானோ ஃபீடை (வெட்டும்போது நகர்த்தும் வேகத்தை) நான்கு பல்லுக்குக் கணக்குப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்சர்ட்டைத் திருப்பிப் போடும்போதெல்லாம் அது உட்காரும் சீட்டைத் துடைத்து மறுபடி டயல் வைக்க வேண்டும். அதோடு பல கார்பைடு இன்சர்ட்டுகளின் விளிம்பை லேசாக மழுக்கித்தான் செய்திருப்பார்கள், மெல்லிய கட்டில் அது வெட்டாமல் உரசும். அலுமினியத்துக்கென்று வரும் பளபளப்பான இன்சர்ட்டில் இந்தத் தொல்லை குறைவு.

ஃபிளை கட்டரில் இருப்பதே ஒரு முனை, அதனால் உயரம் ஒத்துப்போகுமா என்ற பேச்சுக்கே இடமில்லை. மழுங்கினால் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டைக் கிரைண்டரில் பிடித்து, மூக்கை (வெட்டும் நுனியை) ஒரு மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, ஆயில் ஸ்டோனில் நாலு தேய் தேய்த்தால் சரி, ஐந்து நிமிஷ வேலை. மூக்கைக் கூராக விட்டால் மேற்பரப்பு ரம்பம் மாதிரி வரும், ரொம்பப் பெரிதாக உருட்டினால் மெஷின் அதிரும். அலுமினியத்தில், முனை சுற்றும் 60 மி.மீ. வட்டத்துக்கு 480 ஆர்.பி.எம்., நிமிஷத்துக்கு 40 மி.மீ. ஃபீட், 0.1 மி.மீ. கட்டு, பிரஷ்ஷால் கொஞ்சம் மண்ணெண்ணெய், நகர்த்தாத அச்சுகளுக்கெல்லாம் லாக். இப்படி ஓட்டினால் நகத்தில் ஒன்றும் தட்டாது.

ஸ்பிண்டில் (கட்டரைச் சுற்றும் தண்டு) ஃபீட் திசையில் சாய்ந்திருந்தால் இரண்டு கட்டருமே நடுவில் குழி விழவைக்கும். டயலை ஸ்பிண்டிலில் மாட்டி 150 மி.மீ. வட்டத்தில் சுற்றி, வித்தியாசத்தை 0.02 மி.மீ.க்குள் கொண்டுவந்துவிடுங்கள். சரியாக இருந்தால், முனை போகும்போது விழும் வளைகோடும் பின்பக்கம் திரும்பி வரும்போது விழும் கோடும் குறுக்கும் நெடுக்குமாக ஒரே அளவில் தெரியும்.

எஃகில் இரண்டு மூன்று துண்டுதான் செய்திருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். வேகத்தை 130 ஆர்.பி.எம். வரை இறக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக் டொக்' என்று கியரில் அடி விழுந்தது. உங்கள் மெஷினில் பிளாஸ்டிக் கியர் என்றால் வட்டத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எஃகுக்கு ஃபேஸ் மில்லிலேயே இரண்டு இன்சர்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், எதிரெதிராக இருக்கும் இரண்டை மட்டும் விட்டுவைத்து.