கிளட்ச் மிதிப்பதா, ஏஎம்டி வாங்குவதா?

மாலை ஆறு மணிக்கு கிண்டியிலிருந்து தாம்பரம் போகிறவருக்கு நான் தயங்காமல் ஏஎம்டியை, அதாவது கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் காரைத்தான் சொல்வேன். நகர்ந்து நின்று, நகர்ந்து நின்று, நாமே கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் மேனுவல் காரில் இடது முழங்கால் விட்டுப்போகும். கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஊர்ந்தால் கிளட்ச் பிளேட்டும் சீக்கிரம் தேயும்.

ஏஎம்டிக்குள்ளும் இருப்பது மேனுவல் காரின் அதே கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. 2014-இல் மாருதியின் செலெரியோ காரில் வந்தபின் மற்ற சிறிய கார்களுக்கும் பரவியது. கியர் மாறும்போது ஒரு குலுக்கல் உண்டு. ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தினால் குறையும். மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்பினால் பின்னால் உருளலாம், ஹேண்ட்பிரேக்கை மறக்கவே கூடாது. பின்னால் பைக்குகள் ஒட்டி நிற்கும் ஊர் இது!

மேனுவல் விலை குறைவு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், நாமே இரண்டாவது கியரைப் பிடித்து ஏறும் நம்பிக்கை அதில்தான் எனக்கு வருகிறது. ஆனால் மலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை, கிண்டி-தாம்பரம் போகும் ஜிஎஸ்டி சாலைக்குத் தினமும்.